அத்தை மழையைப் பற்றி மட்டும்தான் பேசினார்

1

ஊரிலிருந்து என் மைத்துனன் கூப்பிட்டால் முதலில் "அங்க டைம் என்ன மச்சான்?" என்பான். அடுத்தது, "அங்க மழையா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. இரண்டாவது, நான் எந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் என்பதைப் பொறுத்தது. மெல்பர்னில் முன்வாசலில் தூறிக்கொண்டிருக்கும்போதே கொல்லைப்புறத்தில் துணி காயும். காலையில் கம்பளிச் சட்டையோடு ரயிலேறி, மத்தியானம் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்து, சாயங்காலம் குடை கவிழ்ந்து வீடு வந்து சேர்வது இங்கே வழக்கமான நாள்.

போன சனிக்கிழமை எங்கள் புறநகரான வெரிபீயில் கொட்டிய ஆலங்கட்டி மழையின் படங்கள் கரூர் வரைக்கும் போய்விட்டனவாம். "கார் தப்பிச்சுதா மச்சான்?" என்று கேட்டான். கார் தப்பவில்லை. ஆனால் அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் நடந்தது காரைவிடப் பெரிய சங்கதி. அதை ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனியாகச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. சொல்லச் சொல்லக் கதையும் வளர்கிறது. நேற்று என் மனைவி மல்லிகா அவளுடைய சித்தியிடம் சொன்னபோது ஆலங்கட்டி தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். ஆலங்கட்டி எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது.

2

இந்த நாட்டில் முன்பின் தெரியாதவரோடு பேச வானிலையை விட்டால் வேறு பேச்சு கிடையாது. அலுவலக லிஃப்டில் ஏறியதும் யாராவது "குளிர் தாங்கலை, இல்லையா?" என்பார்கள். நாமும் "ஆமாம்" என்போம். அதற்குள் மாடி வந்துவிடும். நோபல் பார்க்கில் நான் மீன் வாங்கும் இலங்கைக் கடைக்காரர்கூட மீனைக் கண்ணில் காட்டுவதற்கு முன் "இண்டைக்குச் சரியான குளிர், என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார். யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

வானிலையை உண்மையாகவே பேசுகிறவர்களை நான் எங்கள் தெருவில்தான் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜூலு குடும்பங்கள் நாலைந்து உண்டு. எங்களுக்கு அடுத்த வீடு தெம்பாவுடையது. சனிக்கிழமையானால் அவர்கள் எல்லாரும் தெம்பாவின் கொல்லையில் கூடி இறைச்சி வாட்டுவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கறிவேப்பிலைச் செடிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருப்பேன். காதில் விழுவதெல்லாம் மழை, காற்று, மேகம். ஆங்கிலமும் ஜூலுவும் கலந்த பேச்சு. ஒருவர் டர்பன் நகரில் இருக்கும் தம்பி போனில் சொன்ன மழையைச் சொல்வார். இன்னொருவர் போன வாரம் அடித்த வெப்பக் காற்றைப் பற்றி, வீட்டுக்கு வந்து மரியாதை இல்லாமல் நடந்துகொண்ட விருந்தாளியைக் குறைசொல்வதுபோல் குறைசொல்வார். பருவம் தப்பி ஏதாவது நடந்தால் போதும், அன்றைக்குப் பேச்சு மும்முரத்தில் இறைச்சி கருகிவிடும்.

தெம்பாவும் நானும் நண்பர்களானதே தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்மணியால்தான். ஒருநாள் அந்தம்மா, "துரதிர்ஷ்டவசமாக நாளை மழை" என்றார். தெம்பா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "செல்வா, கேட்டாயா? மழையை யாராவது இப்படிப் பேசுவார்களா?" என்றான். நான் கரூர்க்காரன். மழை வந்தால் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடும் ஊரில் வளர்ந்தவன். எனக்கும் அந்தம்மா மேல் அதே கோபம் ரொம்ப நாளாக இருந்தது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டித் தீர்த்தோம்.

தெம்பாவின் பேச்சையும், இனி வரப்போகும் அவன் அக்காவின் பேச்சையும் நான் நம் தமிழில்தான் தருகிறேன். அக்கா பேசுவது ஜூலு. தெம்பா அதை ஆங்கிலமாக்க, நான் கரூர்த் தமிழாக்கியிருக்கிறேன். வழியில் கொஞ்சம் சிந்தியிருக்கலாம்.

3

தெம்பாவின் மகள் தண்டியும் எங்கள் மகன் கதிரும் கிளேட்டனில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். வெரிபீயிலிருந்து கிளேட்டனுக்கு ரயிலில் போய்த் திரும்புவதற்குள் ஒருவர் வாழ்க்கைக் கதையை மற்றவர் முழுசாகக் கேட்டு முடித்துவிடலாம். இவர்கள் பட்டம் வாங்கும்வரை கேட்டார்கள். வேலைக்குப் போன பிறகும் கேட்டு முடியவில்லை. போன வருஷம் கதிர் சாப்பாட்டு மேசையில், "அம்மா, அப்பா, டோண்ட் ஃப்ரீக் அவுட்" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் எந்த அம்மா சும்மா இருப்பாள்?

மல்லிகா சில நாள் யாரோடும் பேசவில்லை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து தெரிந்த பெண்தான், ஆனால் மருமகள் என்று பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் தண்டி தானாகவே வந்து, தயிர்சாதம் போடச் சொல்லி, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர்கள் ஊரிலும் அமாசி என்று ஒரு கட்டித் தயிர் உண்டாம். "நம்ம பையனே பீட்சா கேக்கறான், இந்தப் புள்ள தயிர் கேக்குதுங்க" என்றாள் மல்லிகா. அதோடு எங்கள் பக்கத்து எதிர்ப்பு முடிந்தது.

தெம்பாவுக்கும் சம்மதம்தான். ஆனால் அவன் சம்மதம் செல்லாது. தண்டி கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா போய்விட்டார். இந்த நாட்டுக்கு வரும்வரை அவளைத் தூக்கி வளர்த்தவர் தெம்பாவின் அக்கா நோம்சா. தண்டிக்கு அத்தை. அத்தை என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை அத்தைகளைப் பார்த்திருக்கிறோம். அவர் சரியென்றால்தான் சரி. தண்டியும் அதில் உறுதியாக இருந்தாள். "அத்தை வேண்டாம்னா நான் அழுவேன், ஆனா மீற மாட்டேன்" என்று கதிரிடம் சொல்லிவிட்டாள்.

அத்தை மூன்று மாத விசாவில் வந்து இறங்கினார். தெம்பா என்னை வேலியோரம் கூப்பிட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் அப்பா நேரில் வரக் கூடாது, பெரியவர்களைத் தூது அனுப்ப வேண்டும். எங்களுக்கு இங்கே தூது போக யார் இருக்கிறார்கள்? அதனால் நாங்களே வரலாம் என்று அவன் அக்கா சலுகை கொடுத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளை வாசல்படி மிதிக்கக் கூடாது. "இன்னொன்று. கல்யாணப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவளாக எடுக்கட்டும். அதுவரை வானிலை பேசுங்கள்."

"எவ்வளவு நேரம்?"

"நேரமா? இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும்."

4

முதல் தடவை போனபோது அத்தை எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். கனமான உடம்பு, சிறிய கண்கள், தலையில் இறுகக் கட்டிய துணி.

"உங்கள் ஊரில் இந்த வருஷம் எப்படி?" என்றார்.

"மழை கம்மிங்க."

"எங்கள் ஊரில் காற்று தப்பான பக்கத்திலிருந்து வருகிறது."

"அப்படீங்களா."

தேநீர் வந்தது. குடித்துவிட்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் மல்லிகா, "ஏங்க, பையன் என்ன படிச்சிருக்கான்னுகூட அந்தம்மா கேக்கலையே. வேண்டாம்னுதான அர்த்தம்?" என்றாள். தெம்பாவிடம் விசாரித்தேன். "உன்னை எடை போடுகிறாள். ஒருவன் வானத்தைப் பற்றிப் பேசுகிற விதத்திலேயே அவன் வீட்டுக்குப் போகிற பெண்ணின் கதி அவளுக்குத் தெரிந்துவிடும்" என்றான். இருபது வருஷம் இந்த நாட்டில் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் தேறியிருக்கிறேன், இப்படி ஒரு பாடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

இரண்டாம் தடவைக்குத் தயார் செய்துகொண்டு போனேன். ரயிலில் வானிலை அறிக்கைகளைப் படித்துக் காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாம் மனப்பாடம் செய்தேன். கதிர் பார்த்துவிட்டு, "அப்பா, ஜஸ்ட் பீ நார்மல்" என்றான். நான் காற்றழுத்தத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் அத்தை கொட்டாவி விட்டார். பிறகு அவராகவே கேட்டார்: வாசலில் குப்பைத் தொட்டியைக் கிளறுகிற, வளைந்த மூக்குள்ள வெள்ளைப் பறவையை யாராவது அடித்தார்களா? அவர்கள் ஊரில் ஒரு பறவை உண்டாம், அதன் கூட்டைக் கலைத்தால் இடி வந்து வீட்டைத் தேடுமாம். இந்த வருஷம் மெல்பர்னில் வானம் இப்படிப் புழுங்குவதற்கும் இருட்டுவதற்கும் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. நான் அடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இதற்கிடையே விசா முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீட்டிக்கலாமா என்று தெம்பா இணையதளத்தைத் திறந்து பார்த்தான். தங்க வேண்டிய காரணம் என்ன என்று கேட்டிருந்தது. "அக்கா இன்னும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள் என்றா எழுதுவது?" என்று மூடிவிட்டான். இப்போது முடியாவிட்டால் அவர் மறுபடி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கதிர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மல்லிகாவுக்குத் தூக்கம் போய்விட்டது. போன சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு.

5

மல்லிகா அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பித்தளைத் தாம்பாளத்தில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தயிர்சாதம். பக்கத்து வீட்டுக்குப் போகக் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை உள்ளே வரக் கூடாது, ஆனால் வீட்டிலும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் கதிர், தெம்பா வீட்டு வாசலில் காரை நிறுத்தி அதற்குள் உட்கார்ந்துகொண்டான்.

இடிமழை வந்தால் ஆஸ்துமா வரலாம் என்று காலையிலேயே எல்லார் கைப்பேசியிலும் எச்சரிக்கை வந்திருந்தது. இந்த ஊரில் இடிக்கு அந்தத் திறமையும் உண்டு. நாங்கள் உட்கார்ந்தபோது வெளியே வெயில் சுட்டது. தண்டி எல்லாருக்கும் தயிர்சாதம் பரிமாறினாள். அத்தை ஒரு வாய் வைத்தார். முகம் மலர்ந்தது. இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனபோது தூரத்தில் குடுகுடுவென்று உருண்டது.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். எல்லார் தட்டையும் வாங்கி மூடினார். "புளிச்சிருச்சுங்களா?" என்று மல்லிகா என் காதில் பதறினாள். இடி இடிக்கும்போது தயிர் சாப்பிடக் கூடாது என்று தெம்பா கிசுகிசுத்தான். அதற்குள் அத்தை வீடு முழுக்க வலம் வந்துகொண்டிருந்தார். நிலைக்கண்ணாடிமேல் படுக்கை விரிப்பு விழுந்தது. தொலைக்காட்சிமேல் மேசைத் துணி. கைப்பேசிகள் அணைக்கப்பட்டு அலமாரிக்குள் போயின. பளபளக்கிற எதுவும் மின்னலின் கண்ணில் படக் கூடாது. தாம்பாளத்தின்மேல் துண்டு விழுந்தது. சிவப்பும் ஆகாதாம், பட்டுப்புடவையோடு மல்லிகாவை ஒரு சாம்பல் நிறக் கம்பளிக்குள் சுற்றி வைத்தார். கடைசியாக நின்று என் வழுக்கையைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தார். தெம்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு கால்பந்துக் குல்லாவை எடுத்து நீட்டினான். மாட்டிக்கொண்டேன்.

எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். வானம் தன் வேலையைச் செய்யும்போது மனிதன் பேசக் கூடாது, அது அவர்கள் மரியாதை. அறை கும்மிருட்டாகிவிட்டது. கூரைமேல் முதல் ஆலங்கட்டி விழுந்தது, பிறகு ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியதுபோல் மொத்தமாக விழுந்தது. வெளியே காருக்குள் என் பிள்ளை. எழுந்து பார்க்க முடியாது, கூப்பிடவும் முடியாது. யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

அப்போது வீட்டுக்கு நேர் மேலே ஓர் இடி இடித்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன.

"அர்ச்சுனா! அர்ச்சுனா! அர்ச்சுனா!"

கத்தியது நான்தான். கம்பளிக்குள்ளிருந்து மல்லிகாவும் சேர்ந்துகொண்டாள். நாங்கள் என்ன செய்வோம்? எங்கள் பள்ளிக்கூடத்தில் இடி இடித்தால் கணக்கு வாத்தியாரே பிரம்பைக் கீழே போட்டுவிட்டு "அர்ச்சுனா" என்பார், வகுப்பே கூடக் கத்தும். அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, தும்மல் போல வந்துவிடும். இருபது வருஷம் வானிலை அறிக்கை கேட்டும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அத்தை என்னை முறைத்தார். விரலை உதட்டில் வைத்தார். தண்டி கண்களை இறுக மூடிக்கொண்டாள். தெம்பா தலையில் கைவைத்துக்கொண்டான். எல்லாம் போச்சு என்று எனக்குப் புரிந்தது. என் பையன் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். அந்தக் குல்லாவுக்குள் எனக்கு அழுகை முட்டியது.

6

ஆலங்கட்டி நின்று மழை லேசானது. கடைசி உறுமலும் கிழக்கே போன பிறகுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"யாரைக் கூப்பிட்டீர்கள்?"

"அர்ச்சுனனைங்க. பழைய காலத்து வில்லாளி. அவருக்குப் பத்துப் பேர் உண்டு. பத்தையும் சொன்னா இடி விலகிப் போயிரும்னு எங்க ஊர்ல நம்பிக்கை."

தெம்பா மொழிபெயர்த்தான். அத்தை முதுகை நிமிர்த்தினார். ஆபத்து வந்தால் அவர்களும் குலத்து முன்னோர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்களாம். பெயர் தெரியாதவனுக்கு வீடு கிடையாதாம்.

"சொல்லுங்கள், பத்தும்."

நான் மாட்டிக்கொண்டேன். "அர்ச்சுனன்" என்றேன். "பல்குணன். பார்த்தன். கிரீடி. விஜயன். தனஞ்செயன்." ஒவ்வொன்றுக்கும் அத்தை "யெபோ" என்று தலையாட்டினார். அவர்கள் மொழியில் ஆமாம். அதற்குமேல் எனக்கு வரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காளியண்ணன்" என்றேன். அது என் பெரியப்பா. "யெபோ." "பழனியப்பன்." என் அப்பா. "யெபோ." "முருகேசன்." கரூரில் என் ஸ்கூட்டரைப் பழுது பார்த்த மெக்கானிக். "யெபோ." பத்தாவதுக்கு என்ன செய்வது? பக்கத்தில் மல்லிகாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. "பொன்னுசாமி" என்றேன்.

"எங்கப்பாவா?" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. மல்லிகாவுக்கு ரகசியமாகப் பேச வராது.

அத்தை அவள் பக்கம் திரும்பினார். அவள் என்ன சொன்னாள் என்று தெம்பாவைக் கேட்டார். இவன் அப்பா என்ற சொல் தெரிந்த, பொய் சொல்லத் தெரியாத மனிதன். "கடைசிப் பெயர் அவளுடைய அப்பாவாம்" என்றான்.

"இடி தலைமேல் விழும்போது இவர் தன் மனைவியின் அப்பாவையும் கூப்பிடுகிறாரா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவள் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். குழாய் ஒழுகினால்கூட அவரிடம் போனில் யோசனை கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்பேனரை எடுப்பேன். "ஆமாங்க" என்றாள். "எங்கப்பாவைக் கேக்காம இவர் ஒண்ணும் செய்ய மாட்டாருங்க."

அத்தை தண்டியின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு எழுந்து கண்ணாடியின் விரிப்பை எடுத்தார், மல்லிகாவின் கம்பளியை அவிழ்த்தார், தன் தட்டைத் திறந்து மிச்சத் தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். வானிலை பற்றிக்கூடப் பேசவில்லை. இது நல்லதா கெட்டதா என்று தெம்பாவுக்கே தெரியவில்லை.

தண்டிக்குக் காலையிலிருந்து பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை போலிருக்கிறது. அடுப்படி மேடையில் இருந்த பாத்திரத்திலிருந்து அப்படியே கரண்டியால் வழித்துத் தின்ன ஆரம்பித்தாள். அத்தை திரும்பிப் பார்த்து ஜூலுவில் ஓர் அதட்டல் போட்டார். தெம்பா திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பாத்திரத்திலிருந்து தின்னாதே, உன் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்கிறாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் மிரட்டுவோம்."

கல்யாணம் என்ற வார்த்தை முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மல்லிகாவோ கைதட்டியே விட்டாள்.

"ஐயோ, எங்க ஊர்ல பச்சரிசி தின்னா மழை வரும்னு சொல்லுவோங்க! எங்க கதிர் சின்னதுல டப்பா டப்பாவா அரிசி திம்பான். எத்தனை அடி வாங்கியிருக்கான்!"

தெம்பா மொழிபெயர்த்து முடிக்கும்வரை அத்தை அசையவில்லை. பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்டியைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே நின்ற காரைப் பார்த்தார், நீளமாக ஏதோ சொன்னார். தெம்பா எங்கள் பக்கம் திரும்பினான்.

"ஒன்று பாத்திரத்தில் தின்கிறது, இன்னொன்று அரிசி தின்கிறது. இந்த இரண்டுக்கும் கல்யாணம் என்றால் மழை இல்லை, வெள்ளம். பந்தலைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள் என்கிறாள்."

தண்டி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்தாள். மல்லிகா அழுதுகொண்டே தாம்பாளத்தின்மேல் இருந்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினாள். நான் குல்லாவோடு வெளியே ஓடினேன்.

தெரு முழுக்க வெள்ளை வெள்ளையாக ஆலங்கட்டி. கார் மேற்கூரை அம்மை வந்த முகம்போல் ஆகியிருந்தது. கதிர் உள்ளே காதுகளைப் பொத்தியபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டினேன். மெதுவாக இறக்கினான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா, வாட் டிட் ஷீ சே?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி சொன்னேன்.

"உன் கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டுமாம்டா!"